எல்லா ஃபியூஸையும் பிடுங்கிய பிறகு

கடைசி ஃபியூஸையும் பிடுங்கித் துணியின்மேல் வைத்த பிறகும் மீட்டரில் எண் மாறவில்லை. மைனஸ் ஏழு. பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகிறது என்பதே அந்த மைனஸின் பொருள். வீட்டுவண்டிக்குள் விளக்கு எரியவில்லை, குளிர்பெட்டி ஓடவில்லை, தண்ணீர்ப் பம்பு முனகவில்லை; ஓடக்கூடிய ஒவ்வொன்றையும் ஆர்டிஸ் தன் கையாலேயே நிறுத்தியிருந்தாள். ஆயினும் ஏதோ ஒன்று குடித்துக்கொண்டிருந்தது.

வண்டியின் பின்புறம், படுக்கையறைச் சன்னலுக்கு நேர் கீழே இருந்த பேட்டரிப் பெட்டியின் முன் அவள் முழங்காலிட்டிருந்தாள். மலைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டிருந்தது. கூரைமேலிருந்த சோலார் தகடுகள் குளிர்ந்து சுருங்கும் மெல்லிய நொறுநொறுப்பு, பெட்டியிலிருந்து வந்த புளித்த அமிலத்தின் வாடை, நெடுந்தொலைவில் யாரோ அடுப்பு மூட்டிய புகை, இவற்றைத் தவிர அந்தப் பாலைவெளியில் வேறெதுவும் இல்லை. நெப்ராஸ்காவின் பனிக்குத் தப்பி ஒவ்வொரு குளிர்காலமும் அவளும் கணவர் வெர்லினும் அரிசோனாவின் இந்த வெட்டவெளிக்கு வந்து தங்குவது வழக்கம். இந்த அமைதிக்காகவே வந்தார்கள். இன்று அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை இரவு பேட்டரி தீர்ந்து, வெர்லினுக்கு மூச்சுத் துணையாக ஓடும் ஆக்சிஜன் இயந்திரம் நின்றுபோயிருந்தது. விடியலில் அவர் உதடு கறுத்து, உடல் சில்லிட்டுக் கிடந்தார். அவள் ஜெனரேட்டரை ஓடவிட்டு, குழாயை அவர் மூக்கில் பொருத்தி, அவர் நெஞ்சில் தலைசாய்த்து அழுதாள். போகாதே என்று கேட்டாள். நண்பகலில் அவர் எழுந்து உட்கார்ந்து, குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார். அதன்பிறகு அவருக்கு இயந்திரம் தேவைப்படவேயில்லை. பேட்டரிகள் ஒவ்வொரு மாலையும் வற்றத் தொடங்கியதும் அதன்பிறகுதான். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப்பார்க்க அவள் விரும்பவில்லை.

நேற்று ஜெனரேட்டரைக் கிளப்புவதற்காக, வண்டியை ஓட்டும் எஞ்சின் பேட்டரியையும் விளக்கு முதலியவற்றுக்கான வீட்டு பேட்டரிகளையும் இணைக்கும் பொத்தானை அழுத்தியவள், விரல் வலிக்கிறதென்று அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு மறந்துபோனாள். எஞ்சின் பேட்டரியும் சேர்ந்து வற்றிவிட்டது. இப்போது வண்டியும் கிளம்பாது, ஜெனரேட்டரும் கிளம்பாது.

அடுத்த முகாமில் இருக்கும் ஒனிட்டா இன்று பிற்பகலில் ஜீப்பை நிறுத்தி, இறங்காமலேயே கேட்டாள்.

"நாற்காலிய மடக்கி உள்ள வச்சு மூணு நாளாச்சு. நாற்காலி வெளிய இல்லேன்னா கதவத் தட்டக் கூடாதேன்னு நாங்களும் ஒதுங்கிப் போறோம். என்ன, இந்த வயசுல தேன்நிலவா?"

"பேட்டரி போச்சு, ஒனிட்டா."

"நம்ம வயசுல எல்லாருக்கும் போறதுதான். ஜம்ப் கேபிள் என் மருமகன்கிட்ட இருக்கு. காலைல கொண்டாந்து ஜீப்லேர்ந்து சார்ஜ் ஏத்தித் தர்றேன். அதுவரைக்கும் தாங்குமா?"

தாங்கும் என்று ஆர்டிஸ் சொல்லியிருந்தாள்.

"கண்ணு." தலைக்கு மேலே, திறந்திருந்த சன்னலிலிருந்து வெர்லினின் குரல் வந்தது. "திருடன் மாட்டினானா?"

"இன்னும் இல்ல. ஃபியூஸ் எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். அப்பவும் ஏழு காட்டுது."

"அப்ப நெகட்டிவ் கேபிளயே கழட்டிடு. சைபருக்கு வரணும். வரலேன்னா உன் மீட்டர் பொய் சொல்லுது." நாற்பது ஆண்டுகள் மின்பணியாளராக இருந்தவரின் நிதானம் அதில் இருந்தது. "நீ பாட்டுக்கு வேலையப் பாரு. உன் தம்பி கதைய நான் இன்னும் முடிக்கல."

"அத நூறு தடவ கேட்டாச்சு, வெர்லின்."

"நூத்தியொண்ணாவது தடவ நல்லா இருக்கும். டெல்மர் உறைஞ்ச ஏரிக்கு மீன் பிடிக்கப் போறான். பனியில ஓட்டை போடறான். போட்டுட்டு தூண்டில எடுக்க வண்டிக்குப் போறான். திரும்பி வந்து நாற்காலிய விரிச்சு, ஜம்முனு உக்காறான். பாத்தா, ஓட்டை நாற்காலிக்குக் கீ..."

அந்தக் கணத்தில் அவள் கேபிளைத் தூக்கியிருந்தாள்.

மீட்டர் சைபருக்கு வந்தது.

குரல் நின்றது.

இருமலுக்காக நிறுத்தியிருப்பார் என்று எண்ணினாள். காத்திருந்தாள். இருமல் வரவில்லை. "வெர்லின்?" என்றாள். கருவிப்பெட்டியின்மேல் ஏறி, சன்னலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. கதை சொல்லும்போது அசையும் வலக்கை அந்தரத்தில் அப்படியே நின்றது. கண்கள் திறந்திருந்தன. ஒரு சிறு பூச்சி அவருடைய இடக்கண்ணின் ஈரத்தின்மேல் வந்து அமர்ந்தது. மெல்ல நடந்தது. இமை மூடவில்லை.

இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்பது தெரியவில்லை. கேபிளை பேட்டரி முனையில் வைத்து அழுத்தினாள். சிறு பொறி ஒன்று தெறித்தது.

"...ழயே இருக்கு," என்று வெர்லின் முடித்தார். பிறகு நெடுநேரம் சிரித்தார். "என்ன, சிரிப்பே காணோம்?"

அவள் கேபிளை முனையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

"கழட்டிப் பாத்தியா?"

"இன்னும் இல்ல," என்றாள். தன் குரல் யாருடையதோபோல் கேட்டது.

"பாத்துடு, கண்ணு. எது குடிக்குதோ அதத் தூக்கி எறிஞ்சிடு. அவ்வளவுதான் வேல."

மரையை முறுக்கினாள். மேலும் முறுக்கினாள். கேபிள் அசையக்கூட இடமில்லாமல் இறுகிய பிறகும் முறுக்கினாள். பெட்டியின் ஓரத்திலிருந்த சிறு திரையில் வோல்ட் இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டியது, பதினொன்றரை. நிறுத்துவதற்கு வேறெதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவளே நிறுத்தியிருந்தாள். வெயில் வர ஓர் இரவு முழுவதும் இருந்தது.

பதினொன்று.

"குளி...ருது," என்றார் அவர். சொற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. "இருட்டா... ஆகுது. நீ... எங்க?"

"இங்கதான். கீழதான் இருக்கேன்."

"காலைல... ஒனிட்டா... வருவா?"

"வருவா. பேசாத, வெர்லின். பேசாம இரு."

மேலே படுக்கை கிறீச்சிட்டது. விரல்கள் சன்னல் விளிம்பில் ஒவ்வொன்றாக வந்து படிந்தன. நகங்கள் கறுத்திருந்தன.

"கையக்... குடு."

ஓடலாம். ஒனிட்டாவின் அடுப்பு வெளிச்சம் தொலைவில் தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள். சன்னலைப் பார்த்தாள். அங்கே தெரிந்தது அவருடைய முகம்தான். வேறு யாருடையதும் அன்று. திக்கற்ற முகம்.

கையை உயர்த்திக் கொடுத்தாள்.

அவர் பற்றினார். கல்லைப்போல் சில்லென்ற பிடி. முதலில் விரல்நுனிகள் மரத்தன. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. ஏதோ ஒன்று தோளிலிருந்து கை வழியே அவரிடம் போவதுபோல். நோவு இல்லை. சோர்வு மட்டும்.

கேபிளில் மாட்டியிருந்த மீட்டர் இருளில் மின்னியது. மைனஸ் ஏழு. மைனஸ் மூன்று. சைபர்.

மைனஸ் மறைந்தது.

நான்கு. ஒன்பது. பதினைந்து.

"இப்போ பரவால்ல," என்றது குரல், தங்குதடையின்றி, இளமையாக. "அப்படியே பிடிச்சிரு, கண்ணு."

கையை இழுத்தாள். வரவில்லை. கத்த வாய் திறந்தாள். மூச்சு போதவில்லை. சன்னலில் அவர் கன்னங்கள் சிவந்துகொண்டிருந்தன. வண்டியின் கூரை விளக்குகள், ஃபியூஸ் ஒன்றுகூட இல்லாத அந்த விளக்குகள், ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.