தொட்ட ராஜா

போட்டி நடக்கும் மன்றத்தின் மாடியிலேயே ஒரு பழைய அறை மலிவாகக் கிடைத்தது. உள்ளே ஈரச்சுவர் வாடை. பெட்டியை வைத்த கையோடு சதுரங்கக்காரர் பலகையை விரித்தார். மறுநாள் கடைசிச் சுற்று. தோற்றால் ஆட்டத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டு மச்சான் கடையில் உட்காருவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

நாளைய எதிராளிக்கு ஒரே தொடக்கம்தான் தெரியும். ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை இலவசமாக நீட்டி ஆளை உள்ளே இழுப்பான். அதே தொடக்கத்தில், இதே மன்றத்தில் எப்போதோ நடந்த ஓர் ஆட்டத்தின் பதிவு இவரிடம் இருந்தது. நாளை இவர் ஆடப்போகும் கறுப்புப் பக்கம் அதில் பிரமாதமாக ஆடுகிறது. குதிரையை நகர்த்தினால் வெற்றி. அந்த இடத்தில் போய் ராஜாவை நகர்த்தித் தோற்றிருக்கிறது!

ஏன்? மத்தியானம் முழுக்க அது மண்டையைக் குடைந்தது. எரிச்சலில் காய்களைக் கலைத்தார், திரும்ப அடுக்கினார், திரும்ப அங்கேயே வந்து முட்டிக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்த வயதான காவலாளியிடமே பதிவைக் காட்டிக் கேட்டுவிட்டார்.

"எந்த மடையன்யா இப்படி ஆடுவான்?"

"அவரா இஷ்டப்பட்டு ஆடல சார். சாஞ்ச ராஜாவ நிமித்தணும்னா 'சரி பண்றேன்'னு சொல்லிட்டுத்தானே தொடணும்? சொல்லாம தொட்டுட்டார்னு எதிராளி பிடிச்சுக்கிட்டாரு. தொட்ட காய ஆடித்தானே ஆகணும்?" காவலாளியின் குரல் தணிந்தது. "அன்னைக்கு இந்த ரூம்லதான் படுத்தாரு. எழுந்திரிக்கல."

பாவம்தான். ஆனாலும் குதிரையில் கோளாறு இல்லை என்று தெரிந்ததில் இவருக்கு நிம்மதி.

மறுநாள் எதிராளி சிப்பாயை நீட்டினான். பதிவின்படியே ஆட்டம் நகர்ந்தது. குதிரையை நோக்கிக் கையை நீட்டினார்.

கை பாதியில் நின்றது.

மணிக்கட்டைச் சுற்றிச் சில்லென்று விரல்கள்.

யாரும் இல்லை. பிடி மட்டும் இறுகியது.

மெல்ல, மிக மெல்ல, அவர் கையைக் கொண்டுபோய் ராஜாவின் தலையில் வைத்தது.

"தொட்டுட்டீங்க," என்றான் எதிராளி.

நடுவரிடம் மன்றாடிப் பார்த்தார். விதி விதிதான். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் ஆட எதுவும் மிச்சமில்லை.

அறைக்கு வந்து கதவைத் தாழிட்டு, மனைவியைக் கைபேசியில் அழைத்தார்.

"நான் தொடலம்மா. சத்தியமா தொடல."

"சரிங்க, விடுங்க. கடைக்கு அப்புறம் போய்க்கலாம். முதல்ல வீட்டுக்கு வாங்க." பிறகு சொன்னாள். "பக்கத்துல இருக்கறவரக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்களேன். நீங்க சொல்றதையே அவரும் சொல்லிட்டிருக்காரு."