சாய்கோட்டுக்கு வெளியே

"பிளான் அருமையா இருக்குக்கா. சம்ப்பு வர்ற எடத்துல மட்டும் 'நிலா'ன்னு போட்டிருக்கீங்களே, அது என்னதுக்கா?"

குஜிலியம்பாறையில் வீடு கட்டப்போகும் மோகன்குமார் போனில் இப்படிக் கேட்டதும் அறிவுச்செல்வி அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தாள்.

"தவறிப்போச்சு தம்பி. மாத்தி அனுப்புறேன்."

நிலா அவளுடைய மகள். தமிழ்நிலா. ஒன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், தண்ணீர் லாரி வந்துபோனபின் மூடாமல் கிடந்த தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குள் விழுந்து, வீட்டு வாசலிலேயே இறந்துபோனாள். அடக்கம் முடிந்த கையோடு அவளுடைய அப்பா சேவியர் டிராக்டரில் மணலைக் கொண்டுவந்து சம்ப்பைத் தூர்த்துவிட்டான். மேலே சிமெண்டு பூச வந்த கொத்தனாரை மட்டும் அறிவுச்செல்வி திருப்பி அனுப்பினாள். பிள்ளை கடைசியாக இருந்த இடத்தைப் பூசி மூட அவளுக்கு மனம் வரவில்லை.

திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தபடியே அவள் வீட்டு வரைபடங்கள் போட்டுக்கொடுத்தாள். அறை அறையாகப் பெயர் எழுதும் அலுப்புக்காக, வரைபட மென்பொருளுக்குள் லிஸ்ப் என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதி வைத்திருந்தாள். இடத்தைத் தொட்டால் 'பெயர்?' என்று கேட்கும். ஒன்றும் தட்டாமல் என்டரை அழுத்தினால் முன்பு கொடுத்த பெயரையே திரும்ப எழுதும்.

அந்த வசதிக்காகத்தான் பெயரை நினைவில் தாங்கும் பெட்டியான மாறியைப் பொதுவில் விட்டிருந்தாள். அவள் பழகிய லிஸ்ப்பில், நிரலின் தலைப்பில் ஒரு சாய்கோடு போட்டு அதற்குப் பின்னால் எழுதும் மாறிகள் உள்மாறிகள். நிரல் ஓடும்வரை இருக்கும், முடிந்ததும் போய்விடும். அங்கே எழுதாமல் விட்டது பொது மாறி. நிரல் முடிந்தாலும் வெளியே நிற்கும். எந்த நிரலும் அதை எடுத்துக்கொள்ளலாம், எந்த நிரலும் அதற்குள் வேறொன்றைப் போட்டு வைக்கலாம்.

ஒரு நாள் நிலா மடியில் ஏறி உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தட்டியிருந்தாள். "இந்த ரூமு எனக்கும்மா" என்றாள். யாரோ ஒருவர் வீட்டுப் படுக்கையறை அது.

ஆனால் வரைபடத்தை மூடினால் பொது மாறியும் அழிந்துதான் போகும். அதற்குப் பிறகு கணினியையே மாற்றியாயிற்று.

அவள் மற்ற வரைபடங்களையும் திறந்து பார்த்தாள். ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்குள் கட்டும் வீடு. பாலசமுத்திரத்தில் ஒரு மாடி வீடு. எல்லாவற்றிலும் சம்ப்பின் கட்டத்துக்குள் அதே பெயர். எதையும் அவள் எழுதவில்லை. பாசி பிடித்த தண்ணீரின் வாடை அறைக்குள் மெல்லப் பரவி, மின்விசிறிக் காற்றில் சுற்றிச் சுற்றி வந்தது.

வேலை முடிந்து வந்த சேவியர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதை எடுத்துரு செல்வி. நம்ம கண்ணுல படுறதே பெரிய பாடு. இதுல ஊரான் வீட்டுப் பிளான்ல எல்லாமா?"

"எடுத்தா போயிருவாளே."

"போயிட்டா செல்வி," என்றான்.

அவன் முன்னாலேயே அந்த மாறியைச் சாய்கோட்டுக்குப் பின்னால் எழுதினாள். நிரலை ஓட்டினாள். சம்ப்பின் கட்டம் வெறுமையாக வந்தது.

அப்போதுதான் வீட்டின் அமைதி அவளுக்கு உறைத்தது. இத்தனை மாதங்களாக எங்கோ தண்ணீரைச் சின்னக் கை அளைவதுபோல் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழாய் என்று நினைத்துக் காதில் வாங்காமலே இருந்திருக்கிறாள். இப்போது அது நின்றுவிட்டது. மூச்சு நின்றதுபோல நின்றுவிட்டது. பிள்ளையை இரண்டாம் முறையும் சாகக் கொடுத்த மாதிரி, மேசைமேல் கவிழ்ந்து அழுதாள்.

மறுநாள் சேவியர் வேலைக்காக ஆயக்குடிக்குப் போயிருந்தான். பொழுது சாயும் நேரம். விளக்குப் போடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தவள், சட்டென்று நிரலைத் திறந்து, சாய்கோட்டுக்குப் பின்னால் எழுதியதை அழித்தாள். மாறி மறுபடி பொதுவில் நின்றது. தன் வீட்டு வரைபடத்தையே திறந்து, வாசல் சம்ப்பைத் தொட்டாள்.

பெயர்?

எதையும் தட்டாமல் என்டரை அழுத்தினாள்.

அம்மா.

அவள் நிலா என்றுதான் எதிர்பார்த்தாள். இதை யார் வைத்தது? திரையில் எழுத்துகள் தாமாகவே பெருகின. சமையலறையில் அம்மா. கூடத்தில் அம்மா. அவள் உட்கார்ந்திருந்த அறையில், நாற்காலி இருக்கும் அதே இடத்தில், அம்மா.

வாசலில் தண்ணீர் அளையும் சத்தம் கேட்டது.

ஓடினாள். மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. சம்ப்பு மணல் மட்டும் நனைந்து கறுத்துக் கிடந்தது. மண்டியிட்டுத் தோண்டினாள். நகக்கண்களில் மணல் ஏறியது. மேலே ஈரம். கீழே சேறு. அதற்கும் கீழே, குளிர்ந்த தண்ணீர்.

முழங்கைவரை கை இறங்கியதும் விரல்கள் தட்டுப்பட்டன.

"நிலா... அம்மா வந்துட்டேன்டா. பயப்படாத தங்கம்."

விரல்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டன. சில்லென்றிருந்தன. மெதுவாக ஏறி மணிக்கட்டைச் சுற்றின. ஒரு சுற்று. அப்புறமும் நிற்கவில்லை. இன்னொரு சுற்று.

நிலாவின் விரல்கள் இவ்வளவு நீளமில்லை.

அறிவுச்செல்விக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் புரிந்தது. எழுந்துவிட வேண்டும். இப்போதே. அக்கம்பக்கத்தைக் கூப்பிட வேண்டும்.

"அம்மா..."

மணலுக்கடியிலிருந்து வந்த குரல் நிலாவுடையதேதான். தூக்கத்திலிருந்து எழுந்து அம்மாவைக் காணாமல் கூப்பிடும் அதே குரல்.

அவள் இன்னொரு கையையும் மணலுக்குள் விட்டாள்.