எம்மெட்டின் பாதிப் படுக்கை

தன் விடுதி அறையில் விரிப்பை மாற்ற வந்த ஓர்ஃபா டீக், கட்டிலில் கை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மெத்தை சூடாக இருந்தது. இரவில் அதில் படுக்கும் வெஸ்டல் காலையில் எழுந்து வேலைக்குப் போனபின் அதில் யாரும் படுக்கவில்லை.

விரிப்பை உருவினாள். தலை, தோள், விரித்த கால்கள் என்று ஓர் ஆள் அளவுக்குக் கறுப்பாக ஊறியிருந்தது. எண்ணெய்க் கிணறுகளின் கூமுட்டை நாற்றம் அவளுக்குப் பழகிப்போனதுதான். அதற்கு அடியில், வெயிலில் கிடந்த இறைச்சியின் தித்திப்பான வாடை ஒன்று வந்தது.

பிராக்ஸ்டனில் முன்பு கடலைக்காடும் அவளுடைய கோழிகளும்தான் இருந்தன. ஒருநாள் பூமி பொத்துக்கொண்டு எண்ணெய் பீறிட்டுக் கறுப்பு மழை பெய்தது. கோழிகள் அலகு பிளந்தபடியே செத்தன. அடுத்த ரயிலிலிருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். கூடாரம், சாராயக்கடை, கோவேறு கழுதைகள் மூழ்கிச் சாகும் சேறு என்று ஊர் முளைத்தது. காப்பியிலும் பாலிலும் அவள் தலைமுடியிலும் எண்ணெய் நாறியது. டெக்சாஸ் முழுவதும் தேடினாலும் இவ்வளவு ஆட்களும் இவ்வளவு குறைந்த கட்டில்களும் வேறெங்கும் கிடையாது. அதனால் ஒரு கட்டிலுக்கு இரண்டு ஆள். ஒருவன் எழுந்த சூட்டிலேயே அடுத்தவன் படுப்பான். இந்தக் கட்டில் இரவு வெஸ்டலுக்கு, பகல் எம்மெட்டுக்கு.

எம்மெட் போன வாரம் எண்ணெய்க் குழிக்குள் வழுக்கி விழுந்தான். உடலை யாரும் வெளியே எடுக்கவில்லை. ஓர்ஃபா நேரே மேஸ்திரியிடம் போய்க் கேட்டாள்.

"குழிய வடிச்சா கிணறெல்லாம் நிறுத்தணும்மா. ஒருத்தனுக்காக யாரு நிறுத்துவா?" என்றான் அவன். "ஊறுகாய் மாதிரி கெடாம கிடப்பான், விடுங்க." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மெத்தையைக் காரச் சோப்பு போட்டுத் தேய்த்தாள். கறை பரவியது. தேய்த்த துணியில் தோல் போல ஏதோ வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வந்த வெஸ்டலிடம் காட்டினாள்.

"எம்மெட் என்னைக்கும்மா குளிச்சான்? ஊறினதெல்லாம் இப்ப கசியுது."

"சமையலறையில படுத்துக்கோ தம்பி. எனக்கு மனசு சரியில்ல."

"நாளெல்லாம் குழாய் தூக்கிட்டு வந்து தரையிலயா? போங்கம்மா." மெத்தையைத் திருப்பிப் போட்டுப் படுத்துவிட்டான்.

அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பலகைச் சுவருக்கு அப்பால் கட்டில் முனகியது. சற்றுப் பொறுத்து மறுபடி முனகியது, இன்னொரு கனம் ஏறியதுபோல. சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம்.

"தள்ளிப் படுடா," வெஸ்டல் தூக்கத்தில் முணுமுணுத்தான். "ஈரமா இருக்க."

தட்டைக் கீழே வைத்தாள். கதவு வரை போனாள். தொடவில்லை. நாற்றம் கதவிடுக்கில் கசிந்தது. சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

விடிந்தது. வேலைக்கான சங்கு ஊதியது. வெஸ்டல் எழவில்லை.

வாசலில் துணிமூட்டையோடு ஒரு புது ஆள் நின்றான். கண்ணெல்லாம் தூக்கம். "பகலுக்கு இங்க பாதிக் கட்டில் காலின்னு சொன்னாங்கம்மா," என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னாலேயே வந்தான். அவன் மூச்சு பிடரியில் பட்டது. ஆள் ஒருவன் கூட இருக்கிறான் என்ற தைரியத்தில் கதவைத் தள்ளினாள்.

வெஸ்டல் மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. விளிம்பு வரை கறுப்பு எண்ணெய். நடுவில் ஒரு குமிழி. பெருத்தது. உடைந்தது. மறுபடி பெருத்தது.

உயிர் இருந்தது.

அவன் மார்பின் குறுக்கே இன்னொரு கை. உப்பிப்போன கை. தோல் கழன்று கையுறைபோல விரல்நுனியில் தொங்கியது.

"இருக்காம்மா இடம்?" என்றான் பின்னால் நின்றவன்.

அந்தக் கை மெல்ல நகர்ந்தது. வெஸ்டலைச் சுவரோரம் தள்ளியது. காலியான இடத்தில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டது.