பொம்மையனின் இடப்பக்கம்

வாசலில் கோலம் பாதியோடு நின்றிருந்தது. மழையில் கரைந்ததோ கோழி கிளறியதோ அல்ல. வலப்பக்கத்து இழைகள் அத்தனை திருத்தமாக இருக்க, இடப்பக்கம் சாணி தெளித்த ஈரம்கூட இல்லாமல் வெறும் மண்ணாகக் கிடந்தது. அதைத் தாண்டி உள்ளே கால் வைக்க டாக்டர் சகாயசெல்விக்கு மனசே வரவில்லை.

ஆனால் வைத்துத்தான் ஆக வேண்டும். மண்டையில் அடிபட்டு ஆபரேஷன் ஆனவர்கள் பிற்பாடு எப்படி இருக்கிறார்கள் என்பது மேல்பட்டத்துக்கு அவள் செய்யும் ஆராய்ச்சி. நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேரை வீடு தேடிப் பார்த்தாயிற்று. மிச்சம், ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே இந்தத் தோப்பு வீட்டுப் பொம்மையன். 1984இல் தென்னை மரத்திலிருந்து விழுந்தவன்.

அவனைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, அவள் கெட்டிக்கார டாக்டர்தான். ஆனால் அவனுக்கு அவள் ஆபரேஷன் செய்த அன்றைக்கு எக்ஸ்ரே பார்க்கும் லைட் பெட்டி எரியவில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவள், திருப்பிப் பிடித்துவிட்டாள். இடப்பக்கம் அடிபட்டவனுக்கு வலப்பக்க மண்டையைத் திறந்து, நல்ல மூளையைக் கிளறிய பிறகுதான் மறுபக்கம் போனாள். கேஸ் ஷீட்டில் ஒரு பக்கம் திறந்ததாக மட்டும் எழுதினாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது இரண்டு வருஷம் தாங்கிவிட்டது.

உள்ளே ஒரே அறை. வலப்பக்கம் மெழுகி, வெள்ளையடித்து, பாத்திரம் பண்டமெல்லாம் அங்கேயே நெருக்கியடித்துக் கிடந்தன. இடப்பக்கம் ஒட்டடையும் இருட்டும். அங்கிருந்த ஜன்னலை மண் வைத்து அடைத்திருந்தார்கள். பட்டப்பகலில், அந்த இருட்டிலிருந்து, எலும்பைத் துளைக்கும்போது எழும் கருகல் வாடை வந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அவள் அதை முகர்ந்ததே இல்லை.

பொம்மையன் கட்டிலில் வலச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தாடியில் வலப்பாதி மட்டும் மழித்திருந்தது. மூளையின் வலப்பக்கம் கெட்டால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவன் பெண்டாட்டி கண்ணம்மாளுக்கு என்ன கேடு? அவளும் பாதித் தலைதான் வாரியிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. வரமாட்டீகன்னுல்ல நெனச்சேன்." குரலில் உபசாரம் இல்லை.

"எப்படி இருக்காரு?"

"அங்கிட்டு ஏதோ நிக்குதுங்குறாக இவுக. நான் நம்பலை. வெளக்கேத்தப் போனேன். அதுலேருந்து நானும் அங்கிட்டுப் பாக்குறதில்லை."

சகாயசெல்வி தரையில் உட்கார்ந்து, அவசரமாகத் தாளையும் கைநாட்டுக்கு மைப்பெட்டியையும் எடுத்து வைத்தாள். தாளில் 'பூரண குணம்' என்று எழுதியிருந்தது. ஒரு கைநாட்டு விழுந்தால் பட்டம். உண்மை வெளிவந்தால் வேலையே போகும்.

கண்ணம்மாள் மைப்பெட்டியைக் காலால் தள்ளினாள். "அடி ஒரு பக்கந்தேன். தையல் எதுக்கு ரெண்டு பக்கமும்? செஞ்சவுக வாயால நெசத்தைச் சொன்னா, அது போயிருமாம். சொல்லுங்க."

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பாவி, விழுங்கிவிட்டாள்.

"ரெண்டு பக்கமும் அடிதாம்மா. வெளியே தெரியலை."

வாடை நின்றது.

பொம்மையனின் கழுத்து மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் திரும்பியது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. "ஏ கண்ணம்மா, நம்ம ஜன்னலு எங்கடி?"

கண்ணம்மாளும் திரும்பினாள். ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்.

"எங்களை விட்டுருச்சு," என்றான் பொம்மையன். "பொய்யைக் கேட்டுட்டு உங்ககிட்ட வந்துருச்சு தாயி."

போக வேண்டும். உடனே. சகாயசெல்வி கதவைத் தேடினாள். அடுப்பு தெரிந்தது. கட்டில் தெரிந்தது. அதற்கு இடப்பக்கம் எதுவுமே இல்லை. இருட்டுக்கூட இல்லை.

மடியில் ஏதோ கனத்தது. குனிந்தாள்.

ஒரு கை.

அவளுடைய வாட்சைக் கட்டியிருந்தது. யாருடைய கை? அவள் அசைக்கவில்லை. அது அசைந்தது. மார்பைத் தடவிக்கொண்டு ஏறியது. கழுத்து. தாடை. முடியைப் பொறுமையாக வகிடு பிரித்து, இடம் பார்த்து, வலக்காதுக்கு மேலே நின்றது.

பிறகு நகத்தை அழுத்தி, கத்தி வைக்க வேண்டிய கோட்டைக் கீறத் தொடங்கியது.