வெயிட்டிங் லிஸ்ட்டில் இருபத்திரண்டாவது

மனிதகுலத்தின் எதிர்காலம் ஒரு குழந்தை உட்காரும் நாற்காலியில்தான் தீர்மானிக்கப்படுகிறது. வட அமெரிக்கப் பனிநகரமான துலூத்தின் 'சிவப்புப் பைன் மாண்டிசோரி சார்ட்டர் பள்ளி'யின் கையேடு முதல் பக்கத்திலேயே அப்படித்தான் சொல்கிறது. அந்த நாற்காலியின் உயரம் பதினோரு அங்குலம் என்பதையும், பள்ளியைப் பார்க்க வரும் பெற்றோர் அரை மணி நேரம் அதில்தான் உட்கார வேண்டும் என்பதையும் அது சொல்லவில்லை.

மாரிட் கையேட்டை மூன்று முறை படித்திருந்தாள். ஊர் ஓட்டல்களின் அடுப்படிக்கு மதிப்பெண் போடும் சுகாதார ஆய்வாளர் அவள். பள்ளிக்கும் மதிப்பெண் போட, நாற்பத்துமூன்று கேள்விகளோடு கிளம்பியிருந்தாள். ஆனால் அந்தப் பிப்ரவரிக் காலையில் வாசலுக்கு ஓடி வரும்போதே பத்து நிமிடம் தாமதம்... முழங்கால் வரை பனி.

"மன்னிச்சுக்கங்க..." என்று ஆரம்பித்தாள். அந்த ஊரில் சண்டையைக்கூட மன்னிப்பில்தான் ஆரம்பிப்பார்கள். "எங்க தெருவுல பனி தள்ளுற லாரிக்காரன் என் வாசல்ல இடுப்பளவு சுவர் எழுப்பிட்டுப் போயிட்டான். நாற்பது நிமிஷம் வாரிக் கொட்டினேன். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்..."

அவளைப் போலவே பள்ளியைப் பார்க்க வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நெட்டை மனிதன் தொண்டையைச் செருமினான்.

"எந்தத் தெருங்க?"

"மேப்பிள்."

"மஞ்சள் தபால் பெட்டி வீடா?"

"ஆமா... உங்களுக்கு எப்படி..."

அவன் காதுகள் சிவந்தன. குளிரால் அல்ல.

"லாரி நடுத்தெருவுல போனா பனி ஓரத்துக்குத்தானேங்க போகும்... உங்க வாசல் ஓரத்துல இருக்கு. நான் என்ன பண்றது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சாம்பல் நிறக் கண்கள்... உறைந்த ஏரியின் மேல் வெயில் விழுந்தது போல. 'கண்ணுக்கெல்லாம் மதிப்பெண் கிடையாது, மாரிட்' என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

பள்ளி முன்பு பந்துருட்டி விளையாடும் பௌலிங் கூடமாக இருந்த கட்டடம். தரையில் அம்புக்குறிகள் இன்னும் அழியவில்லை. ஆபீசில் இருந்த பெர்னிஸ் விதிகளை ஒப்பித்தாள். ஆசிரியர் என்று சொல்லக் கூடாது, வழிகாட்டி. விளையாட்டு என்று சொல்லக் கூடாது, வேலை. "உள்ள போனா பேசக் கூடாது. குழந்தைங்களைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. அவங்க கவனம் கலைஞ்சிடும்." பிறகு இருவரையும் அருகருகே இரண்டு குட்டி நாற்காலிகளில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். அவன் முழங்கால்கள் அவன் தாடைக்கு வந்தன.

அவள் எழுதத் தொடங்கினாள். ஏழாவது கேள்வி: வெளிச்சம், போதுமானது. எட்டாவது... பக்கத்திலிருந்து பெட்ரோல் ரசீது ஒன்று நகர்ந்து வந்தது. அதன் பின்பக்கத்தில்: 'எனக்கு எத்தனை மார்க்?'

'வாசலுக்கு வெளியே குப்பை கொட்டினால் கடையை மூடிவிடுவோம்' என்று எழுதித் திருப்பினாள்.

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து ஒரு வாண்டு ஆப்பிளை நறுக்கி, தட்டோடு வந்து, பெரிய மனுஷத்தனமாக நீட்டினான். நன்றி சொல்லவும் முடியாது, சிரிக்கவும் கூடாது. இருவரும் ஆளுக்கொரு துண்டை எடுத்து, இழவு வீட்டு முகத்தோடு மென்றார்கள். அவள் தோள் குலுங்கியது. அவன் கண்ணில் தண்ணீர்...

பிறகுதான் அந்தச் சிறுமியைப் பார்த்தாள். ஜன்னலோரம் தனியாக, மணிகளைக் கோத்தபடி. அரை மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'ஏன் பேச மாட்டேங்குற?' என்று யாரும் கேட்கவும் இல்லை. மாரிட்டின் ஆறு வயது மகள் ஸோல்வை, இப்போதிருக்கும் பள்ளியில் செப்டம்பரிலிருந்து வாய் திறக்கவில்லை. வாரம் ஒரு கடிதம் வீட்டுக்கு வருகிறது. நாற்பத்துமூன்று கேள்விகளும் சட்டென்று ஒன்றாகிவிட்டன... இங்கே இடம் கிடைக்குமா?

இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விண்ணப்பம் முப்பத்தொன்று. அரசுப் பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளி; அதனால் மார்ச்சில் குலுக்கல்.

"எழுந்திரிக்கலாம்" என்றாள் பெர்னிஸ். அவன் எழுந்தான். நாற்காலியும் கூடவே எழுந்தது.

வெளியே வந்ததும் பேர் சொன்னான். ரெய்னோ. மனைவி பல் வைத்தியர் ஒருவரோடு போய் மூன்று வருடம். மகன் ஆர்னிக்கும் ஆறு வயது. அவளும் சொன்னாள். கணவன் வெயிலைத் தேடி அரிசோனாவுக்குப் போனவன், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த பனி பெய்த காலையில் மாரிட் திரையை விலக்கினாள். தெரு முழுக்க ஒவ்வொரு வாசலிலும் பனிச்சுவர். அவள் வாசலில் மட்டும் இல்லை... மஞ்சள் தபால் பெட்டி வந்ததும் யாரோ லாரியின் இரும்புத் தகட்டை மெல்லத் தூக்கியிருக்கிறார்கள். கோப்பையில் காபி ஆறிப்போனது. அதற்கடுத்த பனியிலும் அப்படியே. இடையில் இரண்டு காபி, சர்ச்சில் ஒரு மீன் வறுவல் விருந்து... பில்லை நீட்டியபோது விரல் பட்டதை இருவருமே கவனிக்காததுபோல் கவனித்தார்கள்.

குலுக்கலன்று பள்ளி அரங்கம் நிறைந்திருந்தது. எண் போட்ட பந்துகள் பிங்கோ விளையாட்டுக் கூண்டில் உருண்டன. கூண்டு சர்ச்சில் இரவல் வாங்கியது. முதலில் வந்த பந்து, பதினேழு.

ஆர்னி.

ஸோல்வை வெயிட்டிங் லிஸ்ட்டில் இருபத்திரண்டாவது. மாரிட் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். பெர்னிஸ் ஆறுதலாக வந்தாள்.

"இங்க படிக்கிற பிள்ளைக்குக் கூடப் பிறந்தவங்களா இருந்தா லிஸ்ட்ல முதல் இடம்மா. செப்டம்பருக்குள்ள எப்படியும் ஒருத்தர் ஊர் மாறுவாங்க. ஒரே வீட்டுல இருந்தாக்கூடப் போதும், ஒரு ஃபாரம்தான்..."

"அவ்வளவுதானா?" ரெய்னோவுக்கு எதையாவது சொல்லி அவளைச் சிரிக்கவைக்க வேண்டும். "அப்போ நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா வேலை முடிஞ்சுது!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு மாதமாக அவன் வாயிலிருந்து எந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தாளோ, அது பெர்னிஸ் முன்னால்... ஜோக்காக வந்துவிட்டது. இனி 'சரி' என்றால் அது சீட்டுக்காக. 'பிடிக்கும்' என்றாலும் சீட்டுக்காக.

"மன்னிச்சுக்கங்க" என்றாள். "எனக்கு யார் சலுகையும் வேண்டாம். லிஸ்ட்லயும் வேண்டாம்... வாசல்லயும் வேண்டாம்."

"மாரிட், நான் சும்மா..."

"தெரியுது. சும்மாதான்."

மூன்று வாரம். போன் அடித்தது, எடுக்கவில்லை. ஏப்ரலில் எதிர்பாராத பெரும்பனி. காலையில் லாரி உறுமும் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்கு ஓடினாள். 'தூக்கு... தூக்கேன்...' தபால் பெட்டி வந்தது. தகடு உயரவில்லை. வாசலில் இடுப்பளவு சுவர்.

கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறான். அப்புறம் ஏன் கை கோட்டைத் தேடுகிறது?

இரவு உடை மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, சுவர் மேல் ஏறி விழுந்து, தெருமுனையில் திரும்பி வந்த லாரிக்கு முன்னால் போய் நின்றாள். பிரேக் அலறியது. அவன் குதித்து இறங்கினான்.

"பைத்தியமா உங்களுக்கு? ஒன்பது டன்னுங்க அது!"

"ஏன் தூக்கல?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க!"

"சொன்னா? சொன்னதெல்லாம் கேட்கணுமா?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் திருகினான். காதுகள் மறுபடி சிவந்தன. "உங்க வாசல்ல தகட்டைத் தூக்குறது விதிப்படி தப்பு. பதினாலு வருஷத்துல யாருக்கும் தூக்குனதில்ல. எங்க அம்மா வீட்டுக்குக்கூட... அன்னிக்கு ஜோக்கா சொன்னது, ஜோக்கா இல்லாம சொல்ல பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

பனி இமையில் விழுந்து உருகியது.

"இப்போ ஜோக் இல்லாம சொல்லு" என்றாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

சொன்னான். நன்றாகச் சொல்லவில்லை, இரண்டு முறை திக்கினான். போதுமானதாக இருந்தது.

"எனக்கும்" என்றாள். "அந்த ஆப்பிள் துண்டிலிருந்தே."

"ஸோல்வையோட சீட்டு...?"

"பாரு ரெய்னோ..." அவள் நிமிர்ந்து, ஆய்வாளர் குரலில் சொன்னாள். "இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த நினைப்பே எனக்குக் கிடையாது."

அவன் நம்பினான். கண் கலங்கக்கூடச் செய்தான்.

கூடப் பிறந்தோர் முன்னுரிமைப் படிவம் மூன்று வாரமாக அவள் கைப்பையில் இருந்தது. இரண்டு குழந்தைகளின் பெயரையும் குலுக்கலன்று மாலையே பார்க்கிங்கில் வைத்து நிரப்பியிருந்தாள். அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி.