சத்தம் போகும் வரை

பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே பால் குடித்துக்கொண்டிருந்த சுண்டு, பாதிப் பேச்சில் நின்றாள். "டீச்சர் என் நோட்ட வாங்கி..." என்றவள் வாயை மூடினாள். இடது உள்ளங்கையைக் கண்ணாடி டம்ளரின் மேல் வைத்து அழுத்தினாள். கண்கள் மேலே போயின. ஐந்தாறு விநாடி. பிறகு கையை எடுத்துவிட்டு, "...எல்லாருக்கும் காட்டுனாங்கம்மா, நான் வரைஞ்ச யானைய" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கால் மிதிபலகையில் அப்படியே நின்றுவிட்டது. யானை அவள் காதில் விழவில்லை. வேறொன்று உறைத்தது. வானத்தில் எந்தச் சத்தமும் இல்லை. இன்றைக்கு மட்டுமல்ல, இருபது நாளாகவே இல்லை.

குழந்தை செய்தது அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. மொட்டைமாடியில் ஏறினால் விமானப்படைத் தளத்தின் முள்வேலி தெரியும். அங்கிருந்து எழும்பும் போர் விமானங்கள் இவர்களுடைய துணிக்கொடியை அறுத்துக்கொண்டு போவதுபோலத்தான் மேலேறும். அந்த நேரத்தில் பேசிப் பிரயோசனமில்லை. அதனால் பேச்சை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் அலமாரியையோ தட்டையோ கண்ணாடியையோ அதிராதபடி உள்ளங்கையால் அழுத்திக்கொள்வார்கள். சத்தம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையானாலும் அப்படித்தான். திட்ட வந்த வசவை நாக்கு நுனியில் பத்திரமாக வைத்திருந்து, விமானம் போனதும் சூடு ஆறாமல் எடுத்து வீசுவார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் விமானத்துக்கு மேலே கத்திப் பேசப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டு போன கதையைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரிக்கும். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. தவழும் குழந்தைகூட அந்தச் சத்தத்துக்குத் தரையை அழுத்திக்கொண்டு அசையாமல் இருக்கும்.

பின்தெருவைக் கொன்றது அந்தப் பழக்கம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணி. பயிற்சிக்குப் போன விமானம் ஒன்று எஞ்சின் பழுதாகித் திரும்பி வந்தது. விமானி பாராசூட்டில் குதித்துவிட்டான். விமானம் பின்தெருவில் ஏழு வீடுகளின்மேல் விழுந்தது. தையல்காரியான அம்மா அப்போது கடைத்தெருவில் லைனிங் துணி வாங்கிக்கொண்டிருந்தாள். கரும்புகையைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தெருமுனையிலேயே எரிபொருள் நாற்றம் மூக்கை அறைந்தது. அதற்கடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. அது என்னவென்று தெரிந்தும் தெரியாத மாதிரி ஓடினாள். அவள் வீடு நின்றது. ஜன்னல் கண்ணாடிகள் மட்டும் போயிருந்தன. உள்ளே, அன்றைக்கு வேலையில்லாமல் இருந்த கணவனும் பள்ளிவிட்டு வந்திருந்த சுண்டுவும் சமையலறை அலமாரியை அழுத்திப் பிடித்தபடி நின்றார்கள். இருவர் முகத்திலும் கண்ணாடிச் சில்லு குத்தி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவள் பிடித்து உலுக்கிய பிறகுதான் கையை எடுத்தார்கள்.

தீயணைப்புக்காரர் ஒருவர் அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "பதினாலு பேரும்மா. ஒருத்தர்கூட வாசப்பக்கம் ஓடல. அவ்வளவு கீழ வந்த சத்தம் கேக்காமலா இருந்திருக்கும்? நின்ன இடத்துலயே நின்னிருக்காங்க. ஒரு அம்மா அலமாரிமேல கைய வச்சபடியே... அந்தக் கையப் பிரிச்சு எடுக்க முடியல" என்றார். எல்லோரும் எப்போதும்போலச் சத்தம் போய்விடும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

விசாரணை முடியும்வரை தளத்திலிருந்து எதுவும் பறக்கக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு வந்தது. தெரு கப்சிப்பென்று ஆனது. அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது, சுண்டு டம்ளரை அழுத்திய அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

மறுநாள் காலை கணவன் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான். வயரிங் வேலைக்குப் போகிறவன். எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவான். "அந்தப் புது வீட்டுல மெயின் பாக்ஸ் இன்னும்..." என்றவன் நின்றான். ஒரு கை கண்ணாடியை அழுத்தியது. பிளேடு பிடித்த கை கழுத்தோடு நின்றது. சுவர்க் கடிகாரத்தை அவள் பார்த்தாள். பதினோரு விநாடி. "...வரலை, வேலை இழுத்துக்கிட்டே போகுது" என்று முடித்தான்.

"எதுக்குங்க நடுவுல நிறுத்துனீங்க?"

"கேக்கல? இப்பத்தானே தலைக்குமேல போச்சு."

"என்ன போச்சு? பறக்கறதையே நிறுத்திட்டாங்களே!"

"மெஷின மிதிச்சு மிதிச்சு உன் காது போயிடுச்சு, போ" என்று சிரித்தான். கழுத்தில் பிளேடு பதிந்த இடத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு பனியனுக்குள் இறங்கியது. அவன் அதைத் துடைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் தெருவைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். மளிகைக்காரர் பருப்பு நிறுக்கும்போது நின்றார். எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் போனில் பேசும்போது நின்றாள். விமானம் விழுந்த அன்றைக்குத் தெருவில் இருந்த அத்தனை பேரும், ஒரே நேரத்தில். தபால்காரர் நிற்கவில்லை. பால்காரர் நிற்கவில்லை. அவளும் நிற்கவில்லை, அவள்தான் கடைத்தெருவில் இருந்தாளே. ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி என்று துணி வெட்டும் மேஜை ஓரத்தில் சாக்பீஸால் குறித்தாள். பதினொன்று. பத்தொன்பது. முப்பத்தாறு. எண் ஏறிக்கொண்டே போனது. அவர்களுக்குக் கேட்கும் அந்த ஒன்று ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாக, இன்னும் தாழ்வாக வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை சுண்டுவின் யூனிஃபார்மை வாங்க லாண்டரிக்குப் போனாள். லாண்டரி அண்ணன் இடது கையால் சட்டையை நீவிவிட்டு, வலது கையில் இஸ்திரிப் பெட்டியோடு, "இன்னும் காயலம்மா, நாளைக்குக் காலைல..." என்றார். நின்றார்.

பெட்டி இடது கையின்மேல் இறங்கி உட்கார்ந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது, சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. பிறகு புகை. அவர் கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்போல நின்றார். "அண்ணே! கை! அண்ணே!" என்று அலறிக்கொண்டு அவள் பெட்டியைத் தள்ளினாள். வலது கை அதை விடவில்லை. இரண்டு கையாலும் மோதித் தள்ளியபோது, பெட்டியோடு தோலும் சதையும் கிழிந்து வந்தது. அப்போதும் அவர் அசையவில்லை. அவள் நின்று அழுதாள். அழுதுகொண்டே எண்ணினாள். எழுபத்திரண்டாவதில் அவர் வாய் திறந்தது.

"...கட்டாயம் குடுத்துடறேம்மா" என்றார். பிறகு கீழே பார்த்தார். விரல் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. "யாரு? யாரு இதப் பண்ணுனது?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அந்த அலறல் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவன் முன்னால் போய் நின்றாள். "நாளைக்கே அக்கா வீட்டுக்குப் போயிடலாங்க. இந்தத் தெரு வேணாம். உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், புள்ளைய இங்க வச்சிருக்க வேணாம்."

"சத்தத்துக்குப் பயந்து யாராவது வீட்ட விடுவாங்களா?" என்றான் அவன், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "கொஞ்சம் பொறு. போயிடும்."

‘போயிடும்’ என்ற அந்தச் சொல். பின்தெருவில் பதினாலு பேரும் நினைத்ததும் இதையேதான். இவன் வந்தால் வரட்டும், வராவிட்டால் சுண்டுவை மட்டுமாவது தூக்கிக்கொண்டு போய்விடுவது என்று அப்போதே முடிவுகட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சுண்டு பள்ளிவிட்டு வந்ததும் அம்மா பையைக் கட்டினாள். கணவன் வேலைக்குப் போகாமல் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. புதிதாகப் போட்ட ஜன்னல் கண்ணாடியில், அதை ஒட்டவைத்த மக்குப் பசையின் எண்ணெய் வாசம் அடித்தது. யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. கீழே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். "சுண்டு, செருப்பப் போடு" என்றாள்.

செருப்புச் சத்தம் வரவில்லை.

பைக் உதைக்கும் சத்தம் நின்றது. தெருவில் இருந்த ஒவ்வொரு சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. சமையலறைக்கு ஓடினாள். சுண்டு நுனிக்காலில் எம்பி நின்று, வலது உள்ளங்கையால் அலமாரித் தட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். கூடத்தில் கணவன் எழுந்து ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்தான்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

மூன்றாவது நிமிஷத்தில் அவளுக்கும் கேட்டது.

முதலில் காதில் கேட்கவில்லை. பல்லில் கேட்டது. பிறகு தரை. பிறகு அலமாரியில் இருந்த கரண்டிகள். சுவருக்குப் பின்னாலிருந்து, கூரைக்கு மேலிருந்து, விசில்போல ஆரம்பித்து, வலியில் கத்தும் மிருகம்போலத் தடித்து, இறங்கி இறங்கி வந்தது. எரிபொருள் நாற்றம். அதற்கடியில் அந்த இன்னொரு நாற்றம்.

"சுண்டு! வாடி! ஓடிடலாம், வா!"

இழுத்தாள். கை வரவில்லை. இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தட்டு கொதித்தது. அலமாரி முழுக்கக் கொதித்தது. இனி யோசிக்க நேரமில்லை. மகளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, பெற்றவள் செய்யக்கூடாததைச் செய்தாள்.

கிழிந்தது. ஈரத்துணி கிழிகிற மாதிரி. ஐந்து விரல்களின் தோலும் உள்ளங்கைத் தோலும் தட்டிலேயே ஒட்டி நின்றன.

சுண்டு கத்தவில்லை.

தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். "என்னங்க, வாங்க!" அவன் திரும்பவில்லை. படிக்கட்டு. வாசல். தெரு. தெரு முழுக்க ஆட்கள். சுவரை அழுத்திக்கொண்டு. கதவை அழுத்திக்கொண்டு. பைக்குக்காரன் பைக்கை அழுத்திக்கொண்டு. எல்லோர் கண்ணும் மேலே. மேலே வெறும் வானம். ஓடினாள். முதுகு சுட்டது. கண்ணாடிகள் வெடித்தன. ஓடினாள்.

பிரதான சாலை.

பஸ் போய்க்கொண்டிருந்தது. பழக்கடையில் ஒருத்தி பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒருவரும் தெருப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். முதல் வீடு எரிந்தது. இரண்டாவது வீடு. நின்றவர்கள் நின்றபடியே எரிந்தார்கள், முடி, சட்டை, முகம் என்று. அவள் வீட்டு ஜன்னலில் கணவன் தெரிந்தான். தோளில் நெருப்பு. கன்னம் உருகிக் கழுத்தில் வழிந்தது. அவன் பொறுமையாக நின்றான்.

"கண்ணு, நாம தப்பிச்சுட்டோம்டா. அம்மாவப் பாரு. ஒரு தடவ பாரு" என்று மகளை முன்னால் கொண்டுவந்தாள். நடுச்சாலையில் நிற்கிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

சுண்டு பார்க்கவில்லை. கண்கள் மேலேயே இருந்தன. தோல் உரிந்த வலது கையை மெல்லத் தூக்கி, அம்மாவின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

சுட்டது.

இறக்கிவிடப் பார்த்தாள். கை பிரியவில்லை. கால் நகரவில்லை. ரவிக்கைத் துணி கருகிப் புகைந்தது. லாரி ஒன்று கிறீச்சிட்டு அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டிரைவர் தலையை நீட்டித் திட்டினார். அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மற்றதையெல்லாம் மேலேயிருந்து வந்த சத்தம் விழுங்கிவிட்டது. "யாராவது..." என்று ஆரம்பித்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது. கண் தானாக மேலே போனது. நடுச்சாலையில் அசையாமல் நின்றாள் தையல்காரி, மகளின் ஐந்து விரல்களும் நெஞ்சுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்க.