நான்காம் தேதிக் காய்ச்சல்

ஆறாம் தேதி காலை 7.10. பன்னிரண்டாம் கட்டிலில் பெரியவர் இறந்து கிடந்தார். முகம் வீங்கியிருந்தது. ஊசி போட்டு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பெனிசிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆஸ்பத்திரிக் கணினியில் மூன்றாம் தேதி 9.20-க்கே செவிலியர் பதிந்திருந்தார். ஊசி எழுதிக்கொடுத்த பெண் டாக்டரோ, தான் பார்த்தபோது அப்படி ஒன்றும் இல்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று ஏசினார்கள். வேலை போயிற்று. இருபத்தைந்தாம் தேதி குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும்.

வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு மட்டும் நெருடல். பொய் சொல்பவர்கள் பதினெட்டு நாளாக ஒரு சொல்கூட மாற்றாமல் சொல்வதில்லை.

இருபத்துநான்காம் தேதி காலை 10.15. பழைய கட்டடத்தில் இருந்த காப்பு சர்வருக்கு அன்றுதான் உயிர் வந்தது. பிரதான சர்வரில் விழும் ஒவ்வொரு பதிவையும் விழுந்த வரிசையிலேயே வாங்கி எழுதிக்கொள்வது அதன் வேலை, முன்னது வராமல் பின்னது ஏறாது என்று சர்வர் பொறுப்பாளர் விளக்கினார். ஐந்தாம் தேதி மாலை மின்பலகை எரிந்து நின்றுபோனது. இப்போது பத்தொன்பது நாள் பின்தங்கியிருந்தது.

அவரை எல்லோரும் தம்பி என்பார்கள். அந்தச் செவிலியரை ஆஸ்பத்திரியே அக்கா என்றது. அதனால் அவரோடு கூடப்பிறந்தவர் எல்லோருக்கும் தம்பியாகிவிட்டார். கெட்டிக்காரர், சோறு தண்ணி பார்க்காமல் உழைப்பவர். காப்பில் இருப்பதை அழித்துவிட்டு முழுதாக நகலெடுப்பதுதான் நல்லது என்றார்.

"விட்டுப்போன பதிவெல்லாம் பத்திரமா இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கு மேடம்."

"அதை வரிசையா ஓட்டினா எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"அழிச்சு நகலெடுத்தா?"

தம்பி விசைப்பலகையைப் பார்த்தார். "ரெண்டு நாள்."

"கையை எடுங்க தம்பி. முதல்ல பன்னிரண்டாம் கட்டிலைக் காட்டுங்க."

10.40. பெரியவரின் ஏடு திறந்தது. மூன்றாம் தேதி சேர்க்கை இருந்தது. பெனிசிலின் எச்சரிக்கை இல்லை. மூன்றாம் தேதி லைன் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும், அந்த ஒரு பதிவு வந்து சேர்ந்திருக்காது என்றார் தம்பி.

இன்ஸ்பெக்டர் கடைசி வரிமேல் விரல் வைத்தார். "இது என்ன?"

"நாலாம் தேதி சாயங்காலக் காய்ச்சல். நூத்தி ஒண்ணு."

"முன்னது வராம பின்னது இதுல ஏறாதுன்னு இப்பதானே சொன்னீங்க. மூணாம் தேதிப் பதிவைத் தாண்டி நாலாம் தேதிக் காய்ச்சல் எப்படி வந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் விரலை எடுக்கவில்லை.

"இது நின்ன வரைக்கும் அந்த எச்சரிக்கை எங்கேயும் இல்லை. டாக்டர் பார்த்தப்பவும் இல்லை. ஆள் செத்த பிறகு எழுதினது. திரையில எழுதினா அன்னைக்குத் தேதி தானா விழும். சர்வருக்குள்ளே போய்ப் பழைய தேதி போட உங்க ஒருத்தராலதான் முடியும். வரிசையா ஓட்டினா எந்த நிமிஷம்னு அதுவே காட்டிக்கொடுக்கும். அதான் அழிக்கப் பார்த்தீங்க."

அதன்பின் தம்பி எல்லாவற்றையும் சொன்னார். அக்கா மூன்றாம் தேதி இரண்டு ஷிஃப்டைச் சேர்த்துப் பார்த்தவர். பெரியவர் வாயால் சொன்னதைப் பதிய மறந்துவிட்டார். சாவுச் செய்தி கேட்டு, எழுதினேனா என்று கேட்டபடி தம்பியிடம் ஓடி வந்தார். தம்பி திறந்து பார்த்தார், இல்லை. எழுதிவைத்துவிட்டு, இதோ இருக்கிறதே என்று காட்டினார்.

"அவளுக்குத் தெரியாது மேடம். தான்தான் எழுதினோம்னு நம்பிட்டிருக்கா."

இன்ஸ்பெக்டருக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் அந்த டாக்டருக்கும் வீட்டில் ஒரு தம்பி இருக்கலாம்.

கதவருகே அக்கா நின்றிருந்தார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவரைப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"ஏண்டா, நான் எழுதலையா?"

இன்ஸ்பெக்டர் பதிவுகளை வரிசையாக ஓட்டச் சொன்னார். அக்கா போகாமல் நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரையின் முன் உட்கார்ந்தார். வெளியே இருங்கள் என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்தார்.

11.15-க்கு அந்த வரி வந்து விழுந்தது. 'மூன்றாம் தேதி, 9.20' என்றிருந்தது. பக்கத்தில் சர்வர் தன் கணக்குக்குக் குறித்த நேரம், ஆறாம் தேதி 7.34.

அக்கா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.